உறைபனிக்கு எந்த ஆயில்

“அம்மா, எவ்வளவு சொன்னாலும் என் மக மனசுல ஏறவே மாட்டேங்குது.”

சிங்கமுத்து வந்து இப்படிச் சொன்னபோது குமுதவல்லி அம்மா கேரட் பாத்தி ஓரம் உட்கார்ந்து, பனியில் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

வயதில் அவர் சிங்கமுத்துவைவிட இளையவர். ஆனாலும் குரு அவர்தான். கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் இருந்த அந்தச் சிறிய தியான இல்லத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா. அவருக்குச் சிங்கமுத்து அண்ணன்.

சிங்கமுத்து திண்டுக்கல்லில் மர மில்லில் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு உறக்கம் வராமல் இங்கே வந்து சேர்ந்தார். அம்மாவின் பேச்சைக் கேட்டுத்தான் மறுபடி உறங்கினார். அதற்குக் கைம்மாறாக இல்லத்துக்கு வேண்டிய விறகையெல்லாம் சங்கிலி ரம்ப மெஷினால் அவரே அறுத்துப் போட்டார்.

மார்கழியில் மகள் தமயந்தியை அவள் கணவன் கொண்டுவந்து விட்டுப் போனான். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை, பிறக்கும்போதே உயிரில்லை. அவள் அழவில்லை. வீட்டில் யாரோடும் பேசவும் இல்லை. அப்பாவிடம் இருந்தால் தேறுவாள் என்று அவன் நினைத்தான். திருப்பூரில் வேலையை விட முடியாமல் அவன் திரும்பிவிட்டான்.

அன்று முதல் சிங்கமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். உடம்பு வேறு, உயிர் வேறு என்றார். வந்தது போகும் என்றார். காலையில் வேலைக்குப் போகுமுன் சொன்னார். கஞ்சி கொண்டுபோய் வைக்கும்போதும் சொன்னார்.

நேற்று அவள் கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

“உங்ககிட்ட கேட்டதைத்தாம்மா சொல்றேன். ஒரு வார்த்தை மாத்தல. என்னைக் காப்பாத்துன பேச்சு அவளை ஏன் தொட மாட்டேங்குது?”

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“நேத்து மெஷின் சத்தம் பாதியில நின்னுபோச்சே, என்னண்ணே?”

மகளைப் பற்றிக் கேட்டால் மெஷினைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். காற்றில் சாய்ந்து காய்ந்து கிடந்த சீகை மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். சங்கிலியிலிருந்து புகை வந்தது. சங்கிலி ஓடுகிற தகடு சூடேறி நீலம் பூத்துவிட்டது. அரம் போட்டுத் தீட்டிப் பார்த்தார், சங்கிலியைத் தளர்த்தியும் பார்த்தார். பயனில்லை. தமயந்தி அறைக்கு இன்று விறகு இல்லை.

“வாங்க, பாப்போம்,” என்று அம்மா எழுந்தார்.

வெயில் இன்னும் சரிவில் இறங்கவில்லை. புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. நடக்க நடக்கக் காலடியில் நொறுங்கியது.

கொட்டகையில் அம்மா மெஷின் அருகே குனிந்தார்.

“எனக்கு இது ஒண்ணும் தெரியாதுண்ணே. சங்கிலிக்கு எண்ணெய் எங்க ஊத்துவீங்க?”

அவர் மூடியைத் திருகிக் காட்டினார்.

“நிறைய இருக்கே.”

“ஆமாம்மா. நான் ஊத்தாம விடவே மாட்டேன்.”

“எப்ப ஊத்துனீங்க?”

“நேத்து, அறுக்க ஆரம்பிக்கும்போது.”

“அறுத்த பிறகும் நிறையவா இருக்கு?”

சிங்கமுத்து திறந்த மூடியைப் பிடித்தபடி நின்றார். அறுக்க அறுக்க எண்ணெய் குறைய வேண்டும். பெட்ரோல் தீர்கிற நேரத்துக்கு இதுவும் தீர வேண்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டாரே ஒழிய, இறங்கியதா என்று பார்க்கவில்லை.

“என்ன எண்ணெய்ண்ணே?”

“கியர் ஆயில். நல்ல கெட்டி. மில்லுல எங்களுக்கு அதுதான். வேலை கடுசா இருந்தா ஆயிலும் கெட்டியா இருக்கணும்.”

மூலையில் இன்னொரு கேன் உடைக்காமல் கிடந்தது. அது என்னவென்று அம்மா கேட்டார். மெஷினோடு கடைக்காரர் கொடுத்தது, குளிருக்கு இதைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் என்றார் சிங்கமுத்து. தண்ணீர் மாதிரி இருக்கிறது, சங்கிலியில் ஒட்டாமல் தெறித்துப் போய்விடும் என்று தான்தான் ஒதுக்கிப் போட்டதாகவும் சொன்னார்.

அம்மா வெளியே போனார். பனியில் கிடந்த ஓர் அலுமினியத் தட்டை எடுத்து வந்தார். அதன் ஒரு பக்கம் கெட்டி ஆயிலைக் கொஞ்சம் விட்டார், மறுபக்கம் கடைக்காரர் கொடுத்ததைக் கொஞ்சம். தட்டை மெல்லச் சாய்த்தார்.

மெல்லிய எண்ணெய் ஓடி விளிம்பைத் தொட்டது.

கெட்டி ஆயில் விட்ட இடத்திலேயே நின்றது.

“நல்ல ஆயில்மா அது,” என்றார் சிங்கமுத்து. குரல் தாழ்ந்திருந்தது.

“நல்ல ஆயில்தாண்ணே. வெயில் வரட்டும். அப்ப ஊத்திக்கலாம்.”

 அம்மா தட்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கேரட் பாத்திக்குத் திரும்பிவிட்டார்.

சிங்கமுத்து தொட்டியிலிருந்த கெட்டி ஆயிலை வடித்தார். எண்ணெய் வரும் துவாரத்தில் அடைத்திருந்த மரத்தூளைக் குச்சியால் எடுத்தார். மெல்லியதை ஊற்றி, நீலம் பூத்த தகட்டை மாற்றினார். மெஷினை முடுக்கி, எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வெட்டிய மரத்துக்கு எதிரே நுனியை நீட்டிப் பிடித்தார்.

வெளிறிய மரத்தின் மேல் எண்ணெய் மெல்லிய கோடாக விழுந்தது.

அந்தக் கோட்டையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். கம்பளிக்குள் முகத்தை மறைத்துக்கொண்ட மகள் நினைவுக்கு வந்தாள். வந்த நாள் முதல் அவளிடம் தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

மரத்தை அறுத்து முடித்து, கையில் கொள்ளுமட்டும் விறகை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனார்.

தமயந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்ததும் கை தானாகக் கம்பளியைத் தேடியது.

அவர் அதைக் கவனித்தார். கணப்பில் விறகை அடுக்கிப் பற்றவைத்தார். சீகை விறகு சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

எவ்வளவோ பேச்சு தொண்டைவரை வந்தது. எல்லாம் நல்ல பேச்சுதான்.

“குளிருதாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் சுவரையே பார்த்திருந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. விறகு வெடித்துக்கொண்டிருந்தது. அறை மெதுவாகச் சூடேறியது. அவள் கால்களைக் கணப்பின் பக்கம் நீட்டினாள். பெருவிரல்கள் வெளுத்திருந்தன. அவர் அவற்றைத் தன் இரு கைகளுக்குள் பொதிந்துகொண்டார். அவள் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை.

சன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனி உருகி வழியத் தொடங்கியிருந்தது.

“அவனுக்கு உங்க காதுப்பா,” என்றாள் தமயந்தி.

 அன்று ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிய குழந்தையை மயானத்துக்குச் சுமந்து போனது சிங்கமுத்துதான். வழி நெடுக நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். துணியை விலக்கிப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

“நீ பாத்தியாம்மா?”

“நர்சு ஒரு தடவ காட்டுனாங்க.” அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “யாருமே கேக்கலப்பா.”

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

“வேற எப்படிம்மா இருந்தான்?”