இருவாச்சி வீட்டுச் சுவரும் புருஷன் போனும்

ஒரு மலைக்காட்டுல கொம்பையான்னு ஒரு இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் பொண்டாட்டி செல்லக்கனி. காட்டுக்கே டவர் வந்து, அணில்ல இருந்து ஆந்தை வரைக்கும் ஆளுக்கொரு போன் வச்சிருந்த காலம் அது.

இருவாச்சிக் குடும்பமே ஒரு தினுசு. முட்டை போடுற நேரம் வந்தா பொண்டாட்டி மரப்பொந்துக்குள்ள போயி ஒக்காந்துக்குவா. வாசல மண்ணக் கொழைச்சு உள்ளருந்தே பூசிடுவா. மூக்கு நீட்டுற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். றெக்கையெல்லாம் கொட்டிப் போயி அவளால பறக்கவும் முடியாது. புருஷன்தான் அத்திப்பழம் பொறுக்கிட்டு வந்து கீறல் வழியா ஊட்டணும்.

செல்லக்கனி உள்ள ரெண்டு முட்டை போட்டிருந்தா. அந்த முட்டை மேல சடையன்னு ஒரு மரநாய்க்குக் கண்ணு. சுவத்தப் பிறாண்டிப் பாத்தான். நகந்தான் பேந்துச்சு. காஞ்ச சுவரு, வெளியருந்து ஒடையாது. உள்ளருந்து அவளாக் கொத்துனாத்தான் உண்டு.

அவளா எதுக்குக் கொத்துவான்னு மண்டையச் சொறிஞ்ச சடையன், கொம்பையா போன றெக்கைக்குள்ள சொருகிக்கிட்டுப் போறதப் பாத்தான். சிரிச்சுக்கிட்டான்.

மறுநா கொம்பையா போனதும் வந்து கிளையில ஒக்காந்தான். மழையப் பத்திப் பேசுனான். குரங்கு வீட்டுக் கல்யாணத்தப் பத்திப் பேசுனான். கெளம்புறப்ப, போற போக்குல கேட்டான்.

"ஏன்க்கா, மச்சான் எப்பவும் போனக் கவுத்தே வைக்கிறாரே, அது எதுக்கு?"

"கவுத்தா வைக்கிறாரு?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. தங்கமான ஆளு அவரு. அத்தி மரம் பக்கத்துலதான இருக்கு, வர இம்புட்டு நேரமாகுதேன்னு பாத்தேன்."

அவன் போயிட்டான். சொன்னது போகல. பொந்துக்குள்ள அவளோட அடை காத்துச்சு.

புருஷன் வந்ததும் போனக் குடுங்கன்னா. அவன் அத றெக்கைக்குள்ள இன்னும் ஆழமாச் சொருகுனான். ஏன் லேட்டுன்னா, பழம் பழுக்கலன்னான். அப்ப இத்தனை நாளா காயையா ஊட்டுனீங்கன்னா. மாட்டிக்கிட்ட கொம்பையா நெஞ்ச நிமித்திக்கிட்டு, "புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் ஆளுக்குன்னு ஒரு அந்தரங்கம் இருக்கு புள்ள"ன்னான். அந்த வார்த்தைய எந்த மரத்தடியில பொறுக்குனானோ.

அவ பழத்தத் தொடல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

மறுநா காலையில அவன் போன வெயில்ல சார்ஜ் ஏறப் போட்டுட்டு எரை தேடப் போனான். போனு கெடந்தது பொந்துக்குப் பக்கத்துக் கிளையிலதான். கவுத்துத்தான் போட்டிருந்தான். செல்லக்கனி கீறல் வழியா மூக்க நீட்டிப் பாத்தா. எட்டல. சடையன் வந்து நின்னான்.

"தம்பி, அந்தப் போன எடுத்துக் குடுப்பா."

சடையன் ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டான்.

"அடுத்தவங்க போன நான் தொடுறதா? எங்க வீட்டுல என்னைய அப்படி வளக்கலக்கா. நீங்கன்னா பொண்டாட்டி. உங்களுக்கு உரிமை இருக்கு."

சும்மா இத்துனூண்டு கொத்துனாப் போதும், எடுத்துட்டுத் திரும்பப் பூசிக்கலாம்னு யோசனையும் சொன்னான். சேறு வேணும்னா தானே கொழைச்சுத் தர்றேன்னான். என்ன ஒரு நல்ல மனசு பாருங்க.

செல்லக்கனி கொத்துனா. மரநாய் நகத்துக்கு அசையாத சுவரு, அவ ஆத்திரத்துக்குப் பொலபொலன்னு உதிந்துச்சு. உரிச்ச கோழி மாதிரி தத்தித் தத்திக் கிளைக்கு வந்து போன எடுத்தா.

பூட்டியிருந்துச்சு. தன் பேரப் போட்டா. தெறக்கல. கல்யாணம் ஆன மரத்துப் பேரப் போட்டா. தெறக்கல. மாமியா பேரப் போட்டா, சட்டுன்னு தெறந்துச்சு. அதுலயே அவளுக்குப் பாதி உசுரு போச்சு.

உள்ள பாத்தா, பூரா அவன் மூக்கு. இந்தப் பக்கம் மூக்கு, அந்தப் பக்கம் மூக்கு, தண்ணியில மூக்கு, சாயங்கால வெயில்ல மூக்கு. தன் மூக்கத் தானே படம் புடிச்சு ரசிச்சுட்டுத்தான் அய்யா லேட்டா வந்திருக்காரு. வெளிய தெரிஞ்சா காடே சிரிக்கும்னு பூட்டி வச்சிருக்காரு. வேற எந்தப் பொண்ணு படமும் இல்ல. ஒரு குயிலு கூட இல்ல.

அதோட அவ திரும்பிப் போயிருக்கலாம். போகல. "ஒண்ணுமே இல்லன்னா, அழிச்சிருக்கான்"னு இன்னும் தோண்ட ஆரம்பிச்சா. மூக்கு மூக்காத் தள்ளிக்கிட்டே இருந்தா. பின்னால சடையன் பொந்துக்குள்ள பூந்தது அவளுக்குத் தெரியல.

கொம்பையா பறந்து வந்தான். சுவரு இடிஞ்சு கெடக்கு, பொண்டாட்டி வெளிய நிக்கிறா, உள்ளருந்து மொறுக்குன்னு ஒரு சத்தம். அய்யா கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா?

"என் போன எதுக்குடி எடுத்த?"

"உங்கம்மா பேர எதுக்கு வச்ச?"

"அது என் போனு!"

"அப்ப நான் யாரு?"

உள்ள இன்னொரு மொறுக். ரெண்டு பேரு காதுலயும் விழல.

சடையன் வாயத் தொடைச்சுக்கிட்டு வெளிய வந்தான். ரெண்டு பேரையும் பாத்து, "சண்டை போடாதீங்க. குடும்பம்னா அனுசரிச்சுத்தான் போகணும்"னு புத்தி சொல்லிட்டு, மெதுவா மரத்த விட்டு எறங்கிப் போனான்.

அப்பத்தான் ரெண்டும் பொந்துக்குள்ள எட்டிப் பாத்துச்சுங்க. ஓடுதான் கெடந்துச்சு.

ஒளிக்கிற புருஷனும் துருவுற பொண்டாட்டியும் இருக்கிற வீட்டுல, சுவத்த இடிக்கத் திருடன் மெனக்கெட வேண்டியதே இல்ல.