பரமகுரு கத்தின கதை

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சு. ஏரிக்கரையில ஒரு வீடு, அந்த வீட்ல ஒரே ஒரு ஆளு. பேரு பரமகுரு. போர்வைய இழுத்துக்கோ கண்ணு. ம் கொட்டணும், சரியா? கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நெனச்சு நிறுத்திருவேன்.

"ம்."

அந்தப் பரமகுருவுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது. பால்காரர் கதவுல தொங்குற பையில பாக்கெட்டைப் போட்டுட்டுப் போயிருவாரு. எப்பவாச்சும் போன் அடிக்கும். ஓடிப்போய் எடுத்தா, "உங்கள் ரீசார்ஜ் முடியப்போகிறது"ன்னு ஒரு பதிவுக் குரல் பேசும். அதுக்குப் பதில் சொன்னா அது கேக்கவா போகுது? இப்படிப் பேசாமயே இருந்து இருந்து, தனக்குன்னு ஒரு குரல் இருக்கிறதையே மறந்துட்டாரு மனுஷன்.

ஆனா அவர்கிட்ட ஒரு படகு இருந்துச்சு. ஆள் ஏறிப் போற படகு இல்ல, கக்கத்துல இடுக்கிக்கிற படகு. வயித்துக்குள்ள பேட்டரியும் மோட்டாரும். வால்ல குட்டி விசிறி, இங்கிலீஷ்ல புரொப்பெல்லர். பாக்கத்தான் குட்டி, சுத்துச்சுன்னா கத்தி. கரையில நின்னு ரிமோட்ல விரலை அமுக்கினா, படகு சொய்ங்னு கிளம்பும். வான்னா வரும், நில்லுன்னா நிக்கும். வாயே வேண்டாம், விரல் போதும். அதனாலதான் அவருக்கு அது மேல அவ்வளவு பிரியம்.

"ம்."

முதல் நாள் படகைத் தண்ணில விட்டாரு. அது மூக்கைத் தூக்கிக்கிட்டு, தபக் தபக் தபக்னு தவளை மாதிரி குதிச்சுது. ஓகோ, பின்பாரம் ஜாஸ்தின்னு, பேட்டரியை ரெண்டு விரக்கடை முன்னால தள்ளி வச்சாரு. மூக்கு அடங்குச்சு.

அப்புறம் ரெண்டாம் நாள் விட்டாரு. குதிக்கல. ஆனா மூக்கணாங்கயித்தை யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி வலது பக்கமாவே போச்சு. அடியில ரெண்டு தகடு இருக்கும், அதுல ஒண்ணு ஒரு நூல் இறங்கிக் கிடந்துச்சு. அதை நிமித்தி விட்டாரு.

அப்புறம் மூணாம் நாள் விட்டாரு பாரு... சொய்ய்ய்ங்ங்! ஒரு குதி இல்ல, ஒரு இழுப்பு இல்ல, தண்ணியில கோடு கிழிச்ச மாதிரி ஓடுச்சு. "பாத்தியா!"ன்னு சொல்லத் திரும்பினாரு. பக்கத்துல யாரு இருக்கா? ஒரு எருமை இருந்துச்சு, அதுவும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டாரு.

ஆனா ஒரு வேலையை அவர் செய்யாம விட்டிருந்தாரு. ரிமோட் சொல்றது படகுக்குக் கேக்காமப் போச்சுன்னா, படகு தானா நின்னுக்கணும். அப்படி அதைப் பழக்கி வைக்கணும். இவரு பழக்கல. பழக்காத படகு என்ன பண்ணும் தெரியுமா? பேச்சு நின்னதும் அதோட விசிறி பேய் பிடிச்ச மாதிரி சுத்தும். ஒரு நாள் வீட்ல படகை அணைக்காம ரிமோட்டை முதல்ல அணைச்சுட்டாரு. விர்ர்ர்னு சுத்தி, ஜன்னல் துணிய இழுத்து நார் நாராக் கிழிச்சுப் போட்டுருச்சு. அப்பவே சரி பண்ணிருக்கணுமா இல்லையா?

"ம்."

நாளைக்குப் பாத்துக்கலாம், முதல்ல ஓட்டம் சரியாகட்டும்னு தள்ளிப் போட்டுட்டாரு.

அந்த மூணாம் நாள் ஓட்டத்துலயே, நடு ஏரியில, க்ர்ர்ர்... டப். படகு நின்னுபோச்சு. பாசி வால்ல சுத்திக்கிச்சு. பரமகுரு விரலை எடுத்துட்டாரு. வேட்டியை மடிச்சுக் கட்டி முழங்கால் ஆழம் இறங்கினாரு. சேறு சளக்னு காலைப் பிடிச்சு உள்ள இழுத்துச்சு. 'படகு போனா இன்னொண்ணு வரும், படகுக்காக ஆளு நீந்தக் கூடாது'ன்னு, காலைப் பிடுங்கிக்கிட்டுக் கரைக்கு வந்துட்டாரு. காத்து மெள்ள மெள்ளப் படகை எதிர்க்கரைக்குத் தள்ளிக்கிட்டுப் போச்சு.

எதிர்க்கரையில வாத்து மேய்க்கிற பொம்பள ஒருத்தி. பேரு செவந்தி. நூறு வாத்தும் அவளுமா ஊர் ஊராப் போறவ. "பா பா பா பா"ன்னு அவ ஒரு குரல் குடுத்தா, அடுத்த ஏரி வாத்தும் திரும்பிப் பாக்கும். வாத்தெல்லாம் படகைச் சுத்தி, குவாக் குவாக்னு விசாரிச்சுது. செவந்தி படகைத் தூக்கினா. திருப்பித் திருப்பிப் பாத்தா. "அய்ய, இப்படிப் பாசி சுத்திருக்கே"ன்னு சொல்லி, வால்ல கையை வச்சா.

அதே நேரம் பரமகுரு கையில இருந்த ரிமோட், கீ... கீ... கீ...ன்னுச்சு. அதோட பேட்டரி தீரப்போகுது! அது செத்தா படகுக்குப் பேச்சு நின்னுரும். பேச்சு நின்னா?

"ம்... சுத்தும்."

சுத்தும். அந்தப் புள்ளையோட விரல் எங்க இருக்கு? விசிறில இருக்கு.

ஏரியைச் சுத்திக்கிட்டு ஓடலாம்னா, வழியில ஒரு பெரிய பாறை. பாறைக்குப் பின்னால போனா ரிமோட் பேச்சு எட்டாது. அதனால அசையவும் முடியாது. ரிமோட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை வேகமா ஆட்டினாரு. செவந்தி சிரிச்சுக்கிட்டே அவளும் கையை ஆட்டினா. ஆட்டிட்டு மறுபடி பாசியைப் பிடுங்கினா.

அப்போ பரமகுரு வாயைத் திறந்தாரு. ஹ்ஹ்ஹ்... வெறும் காத்துதான் வந்துச்சு.

கீ... கீ...

ரெண்டாந்தடவை அடிவயித்துலேர்ந்து இழுத்தாரு. கொர்ர்ர்க்! செவந்தி நிமிந்து, "என்னாங்க? கொக்குத் தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி கத்துறீங்க! மனுசப் பேச்சாப் பேசுங்க!"ன்னா. இவரு, "புரொ... புரொப்..."ன்னாரு. "பொறுப்பா? நான் பொறுப்பாத்தான் வச்சிருக்கேன்! பாசி எடுத்துத் தரேன், வந்து வாங்கிக்கோங்க!"

கீ கீ கீ கீ...

அவ பாசியில பாதிய உருவிட்டா. அப்போதான் அவருக்குப் புத்தில பட்டுச்சு. அவளுக்குப் புரியற வார்த்தையைச் சொல்லணும். மூணாந்தடவை, கண்ணை மூடிக்கிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, "தா...யீ! கத்தி! வால்ல கத்தி! கையை எடு! கீழ போடு!"ன்னு ஒரு கத்து. பாறையில பட்டுத் திரும்பி வந்துச்சு. எருமை எழுந்திருச்சு. ஏரிக் கொக்கெல்லாம் படபடன்னு கிளம்பிச்சு.

செவந்தி படகைப் பொத்துனு சேத்துல போட்டுட்டுத் துள்ளி நகந்தா. ரிமோட் கீ...ன்னு இழுத்து, அணைஞ்சுது. விர்ர்ர்ர்ர்! சரக் சரக் சரக்! பாசியெல்லாம் பொடிப்பொடியாப் பறந்துச்சு. வாத்து நூறும் நூறு பக்கம் ஓடுச்சு. அப்புறம் வால் சேத்துல புதைஞ்சு, ம்ம்ம்னு முனகிக்கிட்டு நின்னுச்சு.

"நின்னாலும் தொடாதே! நான் வரேன்!"

ஓடினாரு, ஓடினாரு, பாறையைச் சுத்தி மூச்சு வாங்க ஓடினாரு. போன உடனே படகோட இடுப்பை அழுத்திப் பிடிச்சு, வாலைத் தள்ளி வச்சு, மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினாரு. அப்புறம்தான் அவ கையைப் பாத்தாரு. அவ ரெண்டு கையையும் அவர் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டினா.

"பத்தும் இருக்குண்ணே. நல்லா எண்ணிக்கோங்க."

அவர் எண்ணவே எண்ணினாரு.

அவ கீழ கிடந்த பாசியை அள்ளிப் பாத்தா. "ஆத்தாடி, நான் கீரை அரிஞ்சாக்கூட இவ்ளோ பொடியா வராது. ஏண்ணே, முதல்லயே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"கத்தி ரொம்ப நாளாச்சும்மா."

"எந்தக் கத்தி? இந்தக் கத்தியா?"

"இல்லம்மா. கத்தி... சத்தம் போட்டு."

அவ குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அவருக்கும் சிரிப்பு வந்துச்சு, தொண்டை கரகரன்னு. "இம்மாம் பெரிய குரலை வச்சுக்கிட்டு சும்மா இருக்கீங்களேண்ணே. வாத்து மேய்க்க வாங்க, நல்லா வருவீங்க"ன்னா. அப்புறம் மடியிலேர்ந்து ஒரு வாத்து முட்டையை எடுத்து அவர் கையில வச்சுட்டு, கிழக்கே அறுப்பு முடிஞ்ச வயலுக்குக் கிளம்பிட்டா. "பா பா பா பா..."ன்னு அந்தக் குரல் போய்க்கிட்டே இருந்துச்சு. சின்னதாச்சு. இன்னும் சின்னதாச்சு. அப்புறம் இல்ல.

தூங்கிட்டியா?

"...ம்."

பரமகுரு வீட்டுக்கு வந்தாரு. வேற எதையும் தொடல. விசிறியைக் கழட்டி வச்சுட்டு, ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, பேச்சு நின்னா படகும் நிக்கணும்னு முதல்ல அதைப் பழக்கினாரு. மூணு தடவை ரிமோட்டை அணைச்சுப் பாத்தாரு. மூணு தடவையும் மோட்டார் கப்சிப்.

அப்புறம் முட்டையை வேகவச்சு ஒரு வாய் முழுங்கினாரு. வலிச்சுது. கத்துன கத்துல தொண்டை புண்ணாயிருந்துச்சு. மிளகு இருந்துச்சு, பனங்கல்கண்டு இருந்துச்சு, பாலும் இருந்துச்சு. காய்ச்சிக் குடிச்சா காலைக்குள்ள சரியாயிரும்னு அவருக்குத் தெரியும். அடுப்புப் பக்கம் போனாரு. நின்னாரு. இன்னொரு தடவை எச்சிலை முழுங்கிப் பாத்தாரு. இன்னும் வலிச்சுது.

குரல் வந்த வலிதானே, இருக்கட்டும்னு, கல்கண்டு டப்பாவை மூடி வச்சுட்டாரு.

அவ்வளவுதான் கண்ணு. ஏரி அலை ஓஞ்சாச்சு, கதையும் கரையேறியாச்சு. இனிமே ம் வேண்டாம். தூங்கு.