தட்டினால் நகரும் பாட்டு

1974 டிசம்பர் முதல் வாரம். ஆள் நாலு பேர். பெயர் சந்தியாகு பேண்டு செட். கருவேலங்குளம் ஜங்ஷனில் யார் செத்தாலும் கல்லறை வரை வாசித்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இவர்கள்தான்.

ரயில்வே காலனி கிளப் செயலாளர் டிக்ரூஸ் அவர்களைக் கூப்பிட்டனுப்பினார். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு ஜாஸ் வாசிக்க வேண்டும். நன்றாக அமைந்தால் வாராவாரம் சனிக்கிழமை அங்கேயே வேலை. செட் தலைவர் சந்தியாகு நேரே சவப்பெட்டிக் கடைக்குப் போய், "இனிமே எங்களைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரரும் மாலையே வேறு செட்டைப் பிடித்துக்கொண்டார். ஆக, ஜாஸ் வராவிட்டால் நாலு வீட்டிலும் அடுப்பெரியாது.

டிக்ரூஸ் ஒரு பழைய ரெக்கார்டைப் போட்டுக்காட்டினார். "ஜாஸ்னா மனசுல தோணுறதை வாசிக்கறது, மேன். உங்க மனசுல என்ன தோணும்னு எனக்குத் தெரியும். அதனால ரெக்கார்டுல இருக்கறபடியே வாசிங்க. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

ரெக்கார்டில் ஒரு கீறல். அங்கே வந்ததும் ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்கும். டிக்ரூஸ் எழுந்துபோய் கிராமபோன் பெட்டியை ஒரு தட்டு தட்டுவார். பாட்டு மேலே போகும்.

"அந்த இடம்தான் கஷ்டம்" என்றார் சந்தியாகு. "எத்தனை தடவை வாசிக்கணும்?"

"சார் தட்டுற வரைக்கும்ணே" என்றான் கிளாரினெட் லூர்து.

"நம்மளை யாரு தட்டுறது?"

டிரம் அருளப்பன் தாடையைத் தடவிக்கொண்டான். "நாமளே தட்டிக்கிட்டா மரியாதையா இருக்காது. அது கேக்கறவங்க வேலை."

"அவங்களுக்கு அது தெரியுமா?" என்றான் சாக்ஸபோன் இன்னாசி.

"ஜாஸ் கேக்கற ஆளுங்கடா. தெரியாமலா இருப்பாங்க?" என்றான் அருளப்பன்.

டான்ஸ் அன்று பாதிப் பாட்டு அமர்க்களம். பிறகு அந்த இடம் வந்தது. ஒரே வரி, மறுபடி, மறுபடி. ஜோடிகள் இடப்பக்கமாகவே சுற்றின. ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டிரம்பெட் ஊதி ஊதிச் சந்தியாகுவுக்குக் கன்னம் வலித்தது. ஒருவராவது தட்ட வரவில்லையே! வசதியாக இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகூடக் காட்டினார். கண்ணெதிரே சவப்பெட்டிக் கடை வந்து போனது.

"நிறுத்து, மேன்!" டிக்ரூஸ் மேடையேறி அவர் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

பாட்டு நகர்ந்தது. சந்தியாகுவின் கண்ணில் நீர் துளிர்த்தது. விஷயம் தெரிந்த மனுஷன் ஒருவராவது இருக்கிறாரே!

பாட்டு முடிந்ததும் நால்வரும் எழுந்து, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ரெக்கார்டின் மறுபக்கம் ஆரம்பமாயிற்று. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்படியொரு தமாஷ் பேண்டைப் பார்த்ததே இல்லை என்று எல்லாரும் டிக்ரூஸின் கையைக் குலுக்கினார்கள். சனிக்கிழமை வேலை உறுதியாயிற்று.

புத்தாண்டுக்கு டிக்ரூஸ் அதே பாட்டின் புது ரெக்கார்டை வாங்கிக் கொடுத்தார். நால்வரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பாட்டு எங்குமே நிற்கவில்லை.

"முக்கியமான இடத்தையே விட்டுட்டாங்க" என்றான் லூர்து.

"பாவம், சாரை ஏமாத்திட்டானுங்க" என்றார் சந்தியாகு.

1975 ஜனவரி 11ஆம் தேதி, சந்தியாகு ஒரு கோணி ஊசியால் அந்தப் புது ரெக்கார்டைப் பழுதுபார்த்து டிக்ரூஸிடம் கொடுத்தார்.