ராஜாவுக்கு மட்டும் ஐந்து நகம்

டிராகனும் மனிதர்களும் நேருக்கு நேர் நின்று சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், சீன தேசத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில் லியென்ஹுவா என்றொருத்தி இருந்தாள். வெள்ளைப் பீங்கான் ஜாடிகளில் நீலத்தில் படம் வரைவது அவள் வேலை. அப்போது ஒரு பாழாய்ப்போன விதி உண்டு. யாரை வரைந்தாலும் அவர் சம்மதித்தால்தான் நீலம் ஜாடியில் ஒட்டும். இல்லையென்றால் வழிந்து ஓடிவிடும்.

ஊர்ப் பொதுவில் வைக்க அவளிடம் ஒரு தண்ணீர் ஜாடி கேட்டிருந்தார்கள். அதில் ஆற்று டிராகனை வரைய உட்கார்ந்தாள். அன்றைக்கென்று பார்த்து அரண்மனை அதிகாரி வந்து நின்றார்.

"இனிமேல் காலுக்கு ஐந்து நகம் உள்ள டிராகன் ராஜாவின் ஜாடியில் மட்டும்தான். ஊர் ஜாடியில் நாலுதான் இருக்கணும். மீறினால் வரைந்த கையை வெட்டிவிடுவோம். சாயங்காலம் வந்து எண்ணிப் பார்ப்பேன்."

நகத்தை எண்ண ஒரு அதிகாரி! அந்த ராஜாவுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

லியென்ஹுவா நாலு நகம் வரைந்தாள். அத்தனை நீலமும் வழிந்து அவள் மடியில் கொட்டியது. ஆற்றிலிருந்து டிராகன் தலையை நீட்டியது.

"என் காலில் ஐந்து இருக்கிறது. நாலு வரைந்தால் அது நானா? எனக்குச் சம்மதமில்லை."

"கொஞ்சம் விட்டுக்கொடேன் சாமி. என் கை போய்விடும்."

"அதற்காக நான் பொய் சொல்லணுமா?"

ஒரு மேகத்தை வரைந்து, அதன் பின்னால் ஐந்தாவது நகத்தை ஒளித்துப் பார்த்தாள்.

"ஏன், என் நகம் வெளியே தெரிந்தால் உனக்கு வெட்கமா?" என்றது டிராகன். அதுவும் வழிந்தது. அவள் முழங்கை, மூக்கு நுனி எல்லாம் நீலம்.

"சே! உன்னோடும் முடியலை, அந்த ராஜாவோடும் முடியலை! இந்தா, வைத்துக்கொள் உன் ஐந்து நகத்தை!" என்று கத்திக்கொண்டே ஐந்தையும் வரைந்து தள்ளினாள். நீலம் அப்படியே ஒட்டிக்கொண்டது. டிராகனுக்குப் பரம திருப்தி.

சாயங்காலம் அதிகாரி வந்து எண்ணினார். ஐந்து. அவள் கையைப் பிடித்துப் பலகைமேல் வைத்து, கத்தியை ஓங்கினார்.

"நில்லுய்யா!" என்று டிராகன் கரையேறியது. "ஒரு நகத்துக்கு இவ்வளவு ரகளையா! உங்கள் எல்லாரோடும் பெரிய தொல்லை!"

சொல்லிவிட்டு நாலு காலிலும் ஒவ்வொரு நகத்தைக் கடித்துத் துப்பியது. வலியில் ஆறே கலங்கும்படி அலறியது. "இப்போது எனக்கு நாலுதான். ஐந்தாவதுக்குச் சம்மதமில்லை!"

ஜாடியில் ஐந்தாவது நகம் மட்டும் தானாக வழிந்து போனது. அதிகாரி இரண்டு தடவை எண்ணினார். நாலுதான். கையை விட்டார்.

"அப்படியானால் ராஜாவின் ஜாடிக்கு?" என்று இழுத்தார்.

"அவருக்குப் பொய்யாக ஐந்து வரைந்துகொள்ளுங்கள். அதற்குச் சம்மதம். ஆளை விடுங்கள்!"

அன்று முதல்தான் அரண்மனை ஜாடியில் டிராகனுக்கு ஐந்து நகமும், ஊரார் ஜாடியில் நாலு நகமும். ராஜாக்கள் தங்கள் ஐந்தைப் பெருமையாக எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். அசல் டிராகன் என்னவோ ஊரார் தண்ணீர் மொள்ளும் ஜாடியில்தான் இருக்கிறது.