ஈயம் ஆறும் நேரம்

"இது கிட் இல்ல தம்பி, பகல் கொள்ளை!"

பிலோமினா பெட்டியை மேஜைமேல் போட்டாள். வைத்தாள் என்று எழுதத்தான் ஆசை. போட்டாள்.

உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி. மேலே இரண்டு குமிழ், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். ஃபஸ் பெடல் என்று பெயர். கிட்டாருக்கும் அதன் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்புக்கும் நடுவில் இதைச் சொருகி மிதித்தால், கிட்டாரின் சுத்தமான குரல் கிழிந்து கரகரவென்று வரும். வர வேண்டும்.

கிட் என்று விற்கிற பொட்டலத்தில் பாகம் பாகமாக வாங்கி, அவளே ஈயம் வைத்து ஒட்டிச் செய்தது. மிதித்தால் இருந்த குரலும் போய்விடுகிறது.

சிக்கந்தர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். திருச்சி பாலக்கரையில் ஆம்ப், மைக்செட் ரிப்பேர் செய்கிறவன். இந்தக் கதையில் அவன்தான் குரு. குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு நாற்பத்தேழு. ஆட்சேபம் உள்ளவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

"மிதிச்சா லைட் எரியுதா அக்கா?"

"எரியுது. அதைப் பார்த்தாத்தான் எனக்கு இன்னும் எரியுது."

"திருப்பி ஒட்டிப் பார்த்தீங்களா?"

"மூணு தடவை. பதினேழு இடத்தையும். டிரான்சிஸ்டரைக்கூட மாத்திட்டேன்."

"கேட்டீங்களா?"

"யாரை?"

"பெட்டியை."

"ஊமையாக் கிடக்குற பெட்டியை என்னத்தைக் கேக்குறது? பொட்டலம் போட்டு வித்தவனைக் கேக்குறேன், அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன்!"

சிக்கந்தர் "ம்" என்றான். குருக்களுக்கு இது ஒரு வசதி. நாமெல்லாம் "ம்" என்றால் அடி விழும்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறாள். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர், ஒன்று விட்டதில்லை. காய்ச்சலோடு வாசித்திருக்கிறாள். மழையில் மேடை ஒழுக, கிட்டாரைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள். போன வாரம் முதலாளி தேவசகாயம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உன் கிட்டார் பாயசமாட்டம் இனிக்குதும்மா. இப்ப வர்ற பாட்டுக்குக் கரகரன்னு வேணும். கீபோர்டுல அது ஒரு பட்டன். நீ கோரஸ்ல நின்னுக்க."

ஒரு பட்டன். விரல் நுனி காய்த்துப்போன ஒருத்தியிடம் சொல்கிற வார்த்தையா இது? எழுதுகிற எனக்கே கொதிக்கிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணி ஒத்திகையில் அந்தக் கரகரப்பைத் தன் கிட்டாரிலேயே வாசித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் அவள் இடத்தில் பட்டன் உட்காரும்.

இன்றுதான் வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டு.

"அயர்னைக் குடுங்க தம்பி. நாலாவது தடவையா எல்லாத்தையும் ஒட்டிடுறேன்."

சிக்கந்தர் ஈயம் உருக்குகிற அந்த அயர்னை எடுத்து அவள் கைக்கு எட்டாத பக்கம் வைத்தான். பெட்டியின் அடிமூடியைக் கழற்றினான். அவள் கையில் ஒரு ஒயரைக் கொடுத்தான். ஒயரின் முனையில் ஒரு சின்ன கெபாசிட்டர். மறுமுனை ஆம்ப்பில்.

"நான் கிட்டாரைத் தட்டிக்கிட்டே இருக்கேன். நீங்க உள்ள வர்ற வழியிலேருந்து ஒவ்வொரு இடமா தொட்டுட்டு வாங்க."

"எதுக்கு?"

"எதுவரைக்கும் பேசுதுன்னு கேக்கத்தான்."

"அது பேசலைன்னுதானே வந்திருக்கேன்!"

"கடைசியிலதான் பேசல. முதல்ல பேசுதான்னு பார்க்கலியே."

முணுமுணுத்துக்கொண்டே தொட்டாள். சிக்கந்தருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவள் கொண்டுவந்திருந்த கிட்டாரின் ஆறு தந்தியையும் சும்மா தடவினான். ஆம்ப்பில் கேட்டது.

அடுத்த இடம். கேட்டது.

முதல் டிரான்சிஸ்டரின் கால். கேட்டது. கொஞ்சம் கரகரப்புகூட இருந்தது.

பிலோமினா முணுமுணுப்பை நிறுத்தினாள்.

இரண்டாவது டிரான்சிஸ்டர். இன்னும் பலமாகக் கேட்டது. மாற்றிப் போட்ட டிரான்சிஸ்டர் அது. பழையதும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். அவள் அதைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

அதை அடுத்து ஒரு பழுப்பு நிறக் கெபாசிட்டர். அதன் காலில் கேட்டது. அந்தக் கால் நிற்கிற ஈயப் பொட்டைத் தாண்டி, போர்டின் செம்பில் தொட்டாள். கேட்கவில்லை.

மறுபடி காலில் தொட்டாள். கேட்டது. செம்பில் தொட்டாள். இல்லை.

"இங்கதான்! இங்கதான் தம்பி! மூணு தடவை ஒட்டின இடம் இது. இப்பவாவது நம்புறீங்களா? ஈயமே மட்டம். பொட்டலத்துல போட்டுக் குடுத்த ஈயம்."

சிக்கந்தர் பேட்டரியைக் கழற்றினான். தன் ஈயக் கம்பியை எடுத்துக் கொடுத்தான். அயர்னையும் இந்தப் பக்கம் நகர்த்தினான். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான்.

"ஐயோ, வேகுதே! எதுக்கு ஃபேனை நிறுத்துறீங்க?"

"ஈயம் வைக்கும்போது போடமாட்டேன்."

அவள் ஒட்டினாள். பேட்டரியை மாட்டித் தொட்டுப் பார்த்தார்கள்.

கேட்கவில்லை.

"உங்க ஈயமும் மட்டம்!"

"இன்னொரு தடவை."

ஒட்டினாள். கேட்கவில்லை. இப்போது அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. ஈயத்தைத் திட்டினாள். பொட்டலத்தைத் திட்டினாள். தேவசகாயத்தைத் திட்டினாள். கீபோர்டைக் கண்டுபிடித்தவன் குடும்பத்தைத் திட்டினாள். நாலு மணியைக்கூடத் திட்டினாள்.

சிக்கந்தர் சுவரில் இருந்த காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தான்.

"இன்னொரு தடவை அக்கா."

"என்ன விளையாடுறீங்களா?"

"கடைசியா."

அவள் குனிந்தாள். அயர்ன் தொட்டது, ஈயம் உருகிப் பளபளத்தது, அயர்னை எடுத்தாள். அவள் உதட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் சிக்கந்தர் தாளை நீட்டினான்.

தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

பிலோமினா தாளைப் பார்த்தாள். வாய் இன்னும் குவிந்தே இருந்தது. மெல்ல மூடினாள்.

"நான் ஊதினேனா?"

சிக்கந்தர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சூடா இருந்தா ஊதத்தானே தோணும்? பால்னாலும் ஊதுறோம், கஞ்சின்னாலும் ஊதுறோம். எல்லாத்தையும் ஊதியா வச்சேன்? பதினேழையும்?"

"அதை மட்டும் விடுங்க அக்கா. அதுவா ஆறினாத்தான் ஈயம் பிடிக்கும்."

மறுபடி ஒட்டினாள். அயர்னை எடுத்தபின் கையை அசைக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஈயம் பளபளப்பு மங்காமல் இறுகியது. முன்னால் அந்த இடம் சாம்பல் பூத்துக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

செம்பில் தொட்டாள்.

கேட்டது.

குதித்து எழுவாள் என்று நினைத்தேன். இல்லை. மற்றப் பதினாறு இடங்களையும் உற்றுப் பார்த்தாள். எல்லாம் சாம்பல் பூத்த மாதிரியே இருந்தன. இன்றைக்குப் பேசினாலும் மேடையில் எது எப்போது விட்டுப்போகும் என்று யாருக்குத் தெரியும்?

பேட்டரியைத் தானே கழற்றினாள்.

பதினாறு இடம். ஒவ்வொன்றாக உருக்கினாள், விட்டாள், காத்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை. பாலக்கரையில் அவளைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஈயப் புகை மட்டும் காரணமில்லை.

"அப்ப நான் கோபப்பட்டதே தப்பா தம்பி?"

சிக்கந்தர் ஃபேனைப் போட்டான்.

"சொல்லுங்க. இருபத்திரண்டு வருஷம் உழைச்சவளைப் பட்டன்கூட வச்சுப் பேசுறார் அந்த மனுசன். அதையும் வாயை மூடிக்கிட்டுப் பொறுத்துப் போகணுமா? இந்தப் பெட்டியை வச்சு எனக்கு அதைத்தான் சொல்லித் தர்றீங்களா? அப்படின்னா இந்தப் பெட்டியே எனக்கு வேணாம்!"

குரு பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. தேவசகாயம்.

ஈயக் கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிலோமினா, நாலு மணி ஒத்திகைக்கு நீ வர வேணாம்மா. கீபோர்டுத் தம்பி உன் பகுதியெல்லாம் வாசிச்சுப் பார்த்துட்டான். ரொம்ப நல்லாவே வருது. வெயில்ல எதுக்கு அலையுற? ஞாயித்துக்கிழமை நல்ல பட்டுச்சேலையா கட்டிக்கிட்டு நேரா மேடைக்கு வந்துடு. முன்வரிசையிலயே நிப்பாட்டுறேன்."

பிலோமினாவின் முகம் கறுத்தது. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

சிக்கந்தர் போனை அவள் கையிலிருந்து வாங்கினான்.

ஆம்ப்பின் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தான். பெடலுக்குள் பேட்டரியை மாட்டினான். பெட்டியை மூடி அவள் காலடியில் தள்ளினான். இரண்டு குமிழையும் கடைசிவரை திருகினான். கிட்டாரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இப்பச் சொல்லுங்க அக்கா."

அவள் அவனைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"ஹலோ? பிலோமினா? லைன்ல இருக்கியா?" என்றார் தேவசகாயம்.

மிதித்தாள்.

கீபோர்டுத் தம்பிக்குக் கொடுத்துவிட்ட அதே பகுதியைத்தான் வாசித்தாள். கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஸ்க்ரூ டப்பா தானாக நகர்ந்து கீழே விழுந்தது. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஒழுகிய மேடை, காய்ச்சல், பாயசம், பட்டுச்சேலை, எல்லாவற்றையும் வாசித்தாள். தெருவுக்குக் கேட்கச் சத்தம் போட்டபோது சொல்லாமல் விட்டதையும் வாசித்தாள். விரல் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

நிறுத்தினாள். தந்தியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

போனில் சத்தமே இல்லை.

"வச்சுட்டாரா?" என்றாள்.

சிக்கந்தர் குனிந்து போனில் காதை வைத்தான்.

"இல்லக்கா. கேக்குறாரு."