கூட்டாக ஓதும்போது

கீழக்கரையில் பெண்களுக்கு அரபு உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஆலிமா ஃபஹ்மிதாவுக்கு வயது இருபத்தொன்பது. அவரிடம் பாடம் கேட்க வந்த முஹ்ஸினாவுக்கு ஐம்பத்தேழு. முஹ்ஸினா கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. முப்பது வருஷமாக அடுத்தவர் தவறைச் சிவப்பு மையில் சுழித்தே பழகிய கை. இங்கே மட்டும் அந்தக் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்.

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்து வகுப்பு தொடங்கும் முன்பே, விறுவிறுவென்று முன்னால் வந்து நின்றார்.

"என்ன லாத்தா, யார் மேல கோவம்?" வயதில் மூத்தவர் என்பதால் ஃபஹ்மிதா அவரை அக்கா என்ற முறையில் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"சிப்பிக்காட்டுப் பொம்பளைங்க மேலதான் ஆலிமா. காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னு, நான் பொய் எழுதிட்டேங்கறாங்க."

விஷயம் இதுதான். கடலோரக் கிராமங்களுக்குப் புதிதாகச் செல்போன் கோபுரம் தேவையா என்று பார்க்க அரசு ஒரு குழு போட்டிருந்தது. மக்களிடம் கேட்டு அறிக்கை தரும் வேலை முஹ்ஸினாவிடம் வந்தது. சிக்னல் நன்றாக இருக்கிறது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொன்னதாக அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் ராமநாதபுரத்தில் கூட்டம். அந்தக் கணக்கு நின்றால் கோபுரம் கிடையாது.

சிப்பிக்காட்டிலோ போன் பேச வேண்டுமென்றால் உப்பளத்து மேட்டில் ஏறி நிற்க வேண்டும். போன மாதம் அந்த ஊர்ச் சந்தனமாரியின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சந்தனமாரி அந்த மேட்டுக்குத்தான் ஓடினாள். திரும்பி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

"நாலாயிரம் பேரைக் கேட்டிருக்கேன் ஆலிமா. ஒரு ஊர்க் கஷ்டத்தை வச்சு முடிவெடுக்க முடியுமா? புள்ளியியல் தெரியாதவங்களுக்கு இதை எப்படிப் புரிய வைக்கிறது?"

ஃபஹ்மிதா அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இங்கேயே நில்லுங்க," என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் கூட்டா ஓதுங்க. ளாத் வர்ற வரி," என்றார்.

ளாத் லேசுப்பட்ட எழுத்தில்லை. ரமளான் என்று எழுதும்போது நடுவில் வருகிறதே, அதுதான். நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லில் அழுந்த வேண்டும். சிலருக்கு வருஷக்கணக்கில் தண்ணி காட்டும்.

இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து ஓதினார்கள்.

"எப்படி இருந்துச்சு லாத்தா?"

"சுத்தமா இருந்துச்சு."

"எத்தனை பேர் சரியா ஓதினாங்க?"

"எல்லாரும்தான்."

"இன்னொரு தடவை ஓதச் சொல்றேன். இப்பக் காதை விட்டுருங்க. வாயைப் பாருங்க."

மறுபடி ஓதினார்கள். முஹ்ஸினா வரிசை வரிசையாகப் பார்த்தார். ளாத் வந்த இடத்தில் ஒன்பது வாய்கள் மூடிக்கொண்டன. எழுத்து தாண்டியதும் ஒன்றும் நடக்காததுபோல் திறந்துகொண்டன.

"போன வாரம் நீங்களும் அந்த வரிசையிலதான் இருந்தீங்க. ளாத் வந்தப்ப என்ன செஞ்சீங்க?"

முஹ்ஸினா தலையைக் குனிந்துகொண்டார். "வாயை மூடிக்கிட்டேன்."

"சரி. நாலாயிரம் பேரை எப்படிக் கேட்டீங்க?"

"போன்ல..."

சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தனை பேர் எடுத்தாங்க?"

"ரெண்டாயிரத்து இருநூறு."

"மிச்சம்?"

"லைன் கிடைக்கலைன்னு தள்ளிட்டோம். அதுதான் வழக்கம்."

ஃபஹ்மிதா வகுப்பின் பக்கம் திரும்பினார். அந்த ஒன்பது பேரை ஒவ்வொருவராக ஓதச் சொல்லித் திருத்த ஆரம்பித்தார்.

முஹ்ஸினாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிக்னல் இருக்கிறதா என்று சிக்னல் வழியாகவே கேட்டிருக்கிறார். முதல் வருஷ மாணவி செய்திருந்தால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருப்பார். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முப்பது வருஷப் பெயரும் பத்திரமாக இருந்திருக்கும்.

அவர் சும்மா இருக்கவில்லை. தள்ளிவிட்ட ஆயிரத்து எண்ணூறு பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டு, கல்லூரி மாணவிகள் சிலரோடு மறுநாளே ஊர் ஊராகக் கிளம்பினார். முதலில் போனது சிப்பிக்காட்டுக்கு. சந்தனமாரியின் வீட்டு வாசலில் நின்று, "நான் எழுதினது தப்பும்மா," என்றார். சந்தனமாரி உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கூட்டத்தன்று செல்போன் நிறுவனத்தின் அதிகாரி முஹ்ஸினாவின் அறிக்கையையே தூக்கிக் காட்டினார்.

"தொண்ணூற்றேழு சதவீதம் ஐயா. நாங்க சொல்லலை. பேராசிரியை அம்மாவே சொல்லியிருக்காங்க."

முஹ்ஸினா எழுந்தார்.

"அந்தக் கணக்கு தப்பு. தப்பு என்னோடது. நான் போன் போட்டுக் கிடைக்காதவங்கள்ல சிப்பிக்காட்டு ஆளுங்க பட்டியல் இது. ஐயா இதுல எந்த நம்பரையாவது நீங்களே கூப்பிடுங்க."

குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓர் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

கடைசி வரிசையில் சந்தனமாரி எழுந்து நின்றாள்.

"அது என் நம்பருங்கய்யா. போனு வீட்டுல இருக்கு."

தலைவர் அடுத்த எண்ணை அழுத்தினார். அதே இனிமையான குரல். இன்னொருத்தி எழுந்தாள். மூன்றாவது எண்ணுக்கு ஒரு மீனவர் எழுந்தார். ஏழாவது எண்ணுக்குள் கடைசி இரண்டு வரிசைகளிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போனை அணைச்சு வச்சிட்டு வந்திருப்பாங்க," என்றார் அதிகாரி.

"வாசல்ல வண்டி நிக்குது சார். பதினெட்டு கிலோமீட்டர்தான். எல்லாப் போனும் சிப்பிக்காட்டுல ஆன்லதான் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்துருவோமா?" என்றார் முஹ்ஸினா.

தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நாற்காலியைவிட்டு அசையவில்லை. மண்டபத்தில் ஒருவர் கை தட்டினார். பிறகு யார் தட்டவில்லை என்று சொல்ல முடியாது. சிப்பிக்காட்டுக்கு ஒன்று, அதற்கு அடுத்த ஊருக்கு ஒன்று என இரண்டு கோபுரங்களுக்கு அன்றே குழு கையெழுத்துப் போட்டது. சந்தனமாரி பேராசிரியையை அப்படியே கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு, முஹ்ஸினா ஒரு பெரிய டப்பா நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். நடந்ததைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பெண்கள் சிரித்துக்கொண்டே தொதலைக் காலி செய்தார்கள்.

"எத்தனையோ பெரிய ஆளுங்க என் ஆய்வைப் படிச்சிருக்காங்க ஆலிமா. யாரும் ஒரு ஓட்டை கண்டதில்லை. புள்ளியியல்ல ஒரு வரிகூடப் படிக்காத நீங்க எப்படிக் கண்டீங்க?"

ஃபஹ்மிதா விரலில் ஒட்டிய தொதலைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க இடத்துல போய் நில்லுங்க லாத்தா. ளாத் வர்ற வரியைத் தனியா ஓதுங்க."

"தனியாவா?"

"தனியா."

முஹ்ஸினா கடைசி வரிசைக்குப் போனார். இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூச்சை இழுத்துவிட்டு முழுக் குரலில் ஓதினார். அந்த எழுத்து வந்தபோது வாயை மூடவில்லை. ளாத் கோணலும் மாணலுமாக அறை முழுக்கக் கேட்டது.

"தப்பு," என்றார் ஃபஹ்மிதா, முகமெல்லாம் சிரிப்பாக. "இப்பத்தான் லாத்தா எனக்கு உங்க குரல் கேக்குது."