வேதாசலத்தின் பகா எண்

மலைமேல் எண்கணிதம் பயிலும் எண்மடத்து மணி ஏழு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் வாய் திறந்தது.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத எட்டு இலக்க எண் ஒன்றைக் கொண்டுவருபவர்தான் அதை அடிக்கலாம். அடித்தவருக்குக் குருவின் பக்கத்தில் ஆசனம். எண் பொய்யென்றால் அன்றைக்கே மூட்டையைக் கட்டி மலை இறங்க வேண்டும். அதனால் யாரும் சும்மா கயிற்றைத் தொடுவதில்லை.

அடித்தவர் வேதாசலம். அறுபது வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நெஞ்சு நிமிர்ந்து வந்து நின்றார்.

குரு வல்லி அவரைவிட இருபது வயது இளையவள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க."

"ஆறு கோடியே இருபத்தாறு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்துமூன்று, தாயே. மூணு வருஷம் வகுத்தேன். வைரம். பிளக்கவே இல்ல."

"பலகையில எழுதுங்க."

எழுதினார். வல்லி கீரைக் காம்பை உதறிவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இதோட முப்பத்தாறைக் கூட்டுங்க."

"கூட்டணுமா? வகுக்கத்தானே..."

"கூட்டச் சொன்னேன்."

கூட்டினார்.

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றை அதாலயே பெருக்குங்க."

பெருக்கினார். அதே தொகை.

"முப்பத்தாறுங்கறது ஆறாறு. அந்த ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில ஆறைக் கழிச்சு ஒரு எண், கூட்டி ஒரு எண். ரெண்டையும் பெருக்குங்க."

7907. 7919. சுண்ணக்கட்டி பலகையில் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. விடை அவருடைய வைரம்தான், ஓர் இலக்கம் பிசகவில்லை. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினார். மறுபடியும் அதுவே.

மூன்று வருஷம். இவள் கீரை ஆய்கிற நேரத்தில்!

"எது வரைக்கும் வகுத்தீங்க?"

எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் தாண்டி, வகுக்க வேண்டும் என்பது மடத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

"ஐயாயிரம்," என்றார்.

"கை வலிச்சுதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"பயம், தாயே. ஒவ்வொரு தடவை மீதி வர்றப்பவும் அப்பாடான்னு இருந்துச்சு. எங்கேயாவது மீதி இல்லாமப் போயிடுமோன்னு..."

வல்லி அடுத்த கொத்தை எடுத்தாள்.

வேதாசலம் உள்ளே போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். வணங்கினார்.

"அதைக் கீழே வைங்க. ஐயாயிரத்துல விட்ட இடத்திலேருந்து வகுங்க. முடிச்சுட்டு இறங்கலாம்."

"விடைதான் தெரிஞ்சுபோச்சே, தாயே?"

"எண்ணைப் பத்தித் தெரிஞ்சுது. உங்க பயத்தைப் பத்தி இன்னும் தெரியல," என்றாள் வல்லி.